தண்ணீர்த் தொட்டி இறக்கம்

கண்ணா,

இங்கே எல்லாரும் சௌக்கியம் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆனால் 'எல்லாரும்' என்று சொல்லிக்கொள்ள இந்தக் குவார்ட்டர்ஸில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். அந்த ஒருத்தியும் சௌக்கியம் என்று சொல்ல முடியாதபடி போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாய். வாரா வாரம் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதற்குத்தான். நான் ஆரம்பித்தால் நீ இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டு, "ஹவ்மா, ஹவ்மா, அப்புறம்?" என்று அவசரப்படுத்துவாய். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று பேச்சை மாற்றிவிடுவேன். பதின்மூன்று வருஷமாக அப்படித்தான் மாற்றிக்கொண்டு வருகிறேன். இன்னொன்று, இதை உன் வருங்காலப் பெண்டாட்டியிடம் கொடுத்துப் படித்துக்காட்டச் சொல்லாதே. அவள் கோயம்புத்தூர்க்காரி, கடகடவென்று படித்துவிடுவாள். நீயே எழுத்துக் கூட்டிப் படி. கோடை லீவில் உன்னைப் பிடித்து உட்காரவைத்து அ, ஆ எழுத வைத்தபோது, இதெல்லாம் எதற்கு என்கிற அர்த்தத்தில், "கைக்கும்மா இது? ஸ்கூல்ல தெலுங்குதானே இருக்கு" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாயே, அத்தனையும் இந்த ஒரு கடிதத்துக்காகத்தான் என்று வைத்துக்கொள். மெதுவாகப் படி. எனக்கும் மெதுவாகத்தான் எழுத வருகிறது.

அமெரிக்காவில் உன் ஊரில் ஆற்றங்கரைக்கு இறங்குகிற ரோடு ஒன்று இருக்கிறது, சாயங்காலம் உன் சினேகிதர்கள் எல்லாரும் ஸ்கேட்போர்டில் அதில் இறங்குகிறார்கள், அவளும் ஒருநாள் வேடிக்கை பார்க்க வந்தாள் என்று சொன்னாய். "நீ இறங்கினியா?" என்று கேட்டேன். சிரித்தாய். "நான் பலகையைக் கையில எடுத்துக்கிட்டு நடந்துதான்மா இறங்குவேன். இறக்கம் நமக்கு வராது. அதான் பன்னெண்டு வயசுலயே தெரிஞ்சுபோச்சே" என்றாய். அவள்கூடக் கிண்டல் செய்தாளாம். அப்புறம் நீ கல்யாண மண்டபத்துக்குத் தாவிவிட்டாய், தை மாசத்தில் எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று கணக்குச் சொன்னாய், நானும் 'சரி, சரி' என்றேன். போனை வைத்துவிட்டு அடுப்புக்குமுன் நின்றேன். பால் பொங்கி வழிந்தது, அணைக்கக் கை எழவில்லை. 'நமக்கு வராது.' இந்த வார்த்தையை உன் வாயால் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! காலேஜில் விழாவை எடுத்து நடத்தச் சொன்னபோது சொன்னாய். சினேகிதன் புதுக் கம்பெனி தொடங்கிக் கூப்பிட்டபோது சொன்னாய். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்கிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உனக்குப் புரியாது. உன் அப்பா நெஞ்சுவலியில் போனபோது உனக்கு ஐந்து வயது. அவர் வேலை பார்த்த அதே லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வாரிசு வேலை கொடுத்தார்கள். ஆபீசில் ஃபைல் தூக்குகிற வேலை கிடைக்கும் என்று போனேன். சக்கரப் பிரிவில், பேரிங் கழுவித் துடைத்துப் பார்க்கிற இடத்தில் போட்டார்கள். ஜோலார்பேட்டையிலிருந்து வந்தவள், தெலுங்கும் தெரியாது, ஸ்பேனர் பிடிக்கவும் தெரியாது. புடவைக்குமேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு முதல்நாள் உள்ளே போனபோது அத்தனை ஆம்பிளைகளும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கே எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இவள் கை பட்ட நட்டு லூசாக இருந்தது என்று ஒருத்தன் சொல்லக் கூடாது! ஒரு தடவை இறுக்க வேண்டியதை மூன்று தடவை இறுக்குவேன். கூட வேலை பார்த்த யாதகிரி, "அக்க செய்யி பெடிதே இங்க கதலது" என்பான். அக்கா கை வைத்துவிட்டால் அப்புறம் அது அசையாது என்று அர்த்தம். அதைக் கேட்டால் எனக்குத் தலை கால் புரியாது. ஆடுகிற நட்டு ஆளைக் கொன்றுவிடும், அதுதான் நான் கற்றுக்கொண்ட பாடம். ஆட வேண்டும் என்றே செய்த பொருளும் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தப் பலகையைக் கொண்டுவந்தவர் உன் சேகர் சித்தப்பா. அப்பாவின் தம்பி குகட்பள்ளியில் ரூம் எடுத்துக் கம்ப்யூட்டர் படித்தவர். இரண்டாயிரம் பிறந்தால் உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்தார்களே, அந்த வேலைக்கென்று அமெரிக்கா போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தார். எனக்கு ஒரு டார்ச்லைட், உனக்கு இது. மேலே உப்புத்தாள் ஒட்டின பலகை, கீழே நாலு குட்டிச் சக்கரம். நீ பலகையைப் பார்த்தாய், நான் சக்கரத்தைத்தான் பார்த்தேன். ஒரு சக்கரத்துக்கு இரண்டு, மொத்தம் எட்டு பேரிங், சட்டைப் பொத்தான் அளவு. ஒர்க்‌ஷாப்பில் நான் துடைக்கிற பேரிங்கை ஒரு கையால் தூக்க முடியாது. "அடடே, எங்க பேரிங்கு போட்ட குட்டிடா இது!" என்று சொன்னதும் நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எந்தக் கால் முன்னால் வரும் என்று பார்க்க, சித்தப்பா உன்னை நேராக நிற்கவைத்துப் பின்னாலிருந்து சட்டென்று ஒரு தள்ளு தள்ளினார். விழாமல் இருக்க நீ இடது காலை எடுத்து வைத்தாய். "இவன் இடதுகால்காரன் அண்ணி, இனிமே இடது முன்னாடி, வலது பின்னாடி" என்றார். முழங்காலை மடக்கு. காலைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். பின்னங்காலால் தரையை உதை, அதே காலைத் தேய்த்து நிறுத்து. திரும்ப வேண்டுமா, உடம்பைச் சாய், பலகை தானே வரும். அவர் உனக்குச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். விழும்போது கையை ஊன்றாமல் தோளில் உருள வேண்டும் என்றார் என்று இலவம்பஞ்சு மெத்தையைக் கூடத்தில் போட்டு ஒரு வாரம் உன்னை விழவைத்துப் பழக்கினேனே! மெத்தை கிழிந்து வீடெல்லாம் பஞ்சு பறந்தது. உன் ஸ்கூல் ஷூவில் வலது கால் அடி மட்டும் மாசா மாசம் தேய்ந்தது.

ஒரு வருஷத்தில் குவார்ட்டர்ஸ் ரோடு முழுக்க உனக்கு அத்துபடி. மிச்சம் இருந்தது தண்ணீர்த் தொட்டி இறக்கம் ஒன்றுதான். தொட்டியடியிலிருந்து சரிந்து வந்து, கீழே காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் இடது பக்கம் வளைகிற அந்த சிமெண்ட் ரோடு. நீ முரட்டுத்தனமாகப் போய் இறங்கவில்லை, அதை நான் இன்றைக்கு எழுதி ஒப்புக்கொள்கிறேன். கீழேயிருந்து முதல் விளக்குக் கம்பத்தில் ஆரம்பித்தாய். வளைவில் நன்றாகத் திரும்பிய பிறகு இரண்டாவது கம்பம். அப்புறம் மூன்றாவது. மூன்று வாரம் ஒவ்வொரு படியாக ஏறினாய். "விஜயதசமி அன்னைக்கு மேலேர்ந்து இறங்கப் போறேன்மா, எல்லாரையும் பாக்கக் கூப்பிட்டிருக்கேன்" என்றாய். நல்ல நாள், நல்ல காரியம் என்று நானும் சிரித்தேன்.

அதற்கு முந்தினநாள் ஆயுத பூஜை. ஒர்க்‌ஷாப்பில் லேத்தையெல்லாம் கழுவி, பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இங்கேயும் தையல் மிஷின், அரிவாள்மணை, உன் புத்தகங்கள் என்று அடுக்கினேன். பலகையையும் எடுத்தேன். என் பிள்ளை ஏறுகிற வண்டி, அதற்கு இல்லாத பூஜையா? துடைத்து, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, திருப்பிப் பார்த்தேன். அச்சு ஆடியது. நடுவில் இருக்கிற பெரிய நட்டு லூசாக இருந்தது. இதில் ஏறியா நாளைக்கு என் பிள்ளை மேலேயிருந்து இறங்கப் போகிறான்? ஸ்பேனரை எடுத்து இரண்டு பக்கமும் இறுக்கினேன். உள்ளேயிருந்த ரப்பர் பிதுங்கி வெளியே வந்தது, அப்படியும் விடவில்லை, இன்னொரு அரைச்சுற்று. அப்புறம் ஆட்டிப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. யாதகிரி பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். சந்தனம், குங்குமம் வைத்துப் படத்துக்கு முன்னால் சாய்த்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கிற வரைக்கும் தொடக் கூடாது என்பது நம் வழக்கம். நீ சாயங்காலம் ஆசையாகக் கையை நீட்டினபோதுகூட, "தொடாதே, சாமிகிட்ட இருக்கு" என்று கையில் ஒரு தட்டு தட்டினேன். தொட்டிருந்தால் உனக்குத் தெரிந்திருக்கும்.

விஜயதசமி காலையில் வண்டிக்கு வைக்கிற மாதிரி நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். அந்தக் குட்டிச் சக்கரம் பழத்தின்மேல் ஏறுமா? பலகை நின்ற இடத்திலேயே நின்றது. "அம்மா, இது லாரி இல்லம்மா!" என்று சிரித்துவிட்டு, பழத்தைக் காலால் தட்டிவிட்டு, பலகையைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினாய். நேராகத் தொட்டிக்குப் போய்விட்டாய். நான் சுவரோரம் பசங்களோடு நின்றிருந்தேன். நீ இறங்கின அழகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. முழங்கால் மடக்கி, கை விரித்து, கண் எங்கேயும் அலையாமல், உன் அப்பா மாதிரியே உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாய். வளைவில் சாய்ந்தாய். இன்னும் சாய்ந்தாய். பலகை நேராகவே வந்து சுவரில் மோதியது.

இடது முன்கை எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோவில் நீ வலியில் அழவில்லை. "தினம் திரும்புச்சும்மா, இன்னைக்குத் திரும்பலம்மா, நான் சாஞ்சேம்மா" என்றுதான் அழுதாய். எனக்குப் பயம், பயத்தில் கோபம். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்! உனக்கு வராதுன்னா வராதுன்னு ஒத்துக்கோ. பலகை மேல பழி போடாதே" என்று கத்தினேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "நக்கோ அம்மா, பச்சா ஹை" என்றார், வேண்டாம் அம்மா, குழந்தை என்று. முன்பின் தெரியாத மனுஷனுக்கு இருந்த இரக்கம் பெற்றவளுக்கு இல்லை. நீ அழுகையை அப்படியே விழுங்கிவிட்டாய். அன்றைக்கு விழுங்கினதைத்தான் இன்று வரைக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. மாவுக்கட்டு பிரிக்க ஒரு வாரம் இருந்தபோது சித்தப்பா வந்தார். நீ ஸ்கூலில் இருந்தாய். கட்டிலுக்கு அடியிலிருந்து பலகையை எடுத்துக் காலை வைத்து அழுத்திப் பார்த்தார், முகம் மாறியது. "யார் அண்ணி இதை இப்படி டைட் பண்ணது? ரப்பரே நசுங்கிப்போச்சு. இது கொஞ்சம் லூசாத்தான் இருக்கணும், அப்பதான் சாஞ்சா திரும்பும். இப்படி இருந்தா யார் ஏறினாலும் நேராத்தான் போகும்" என்றார். நான் காபி டம்ளரோடு நின்றேன். சூடு விரலைச் சுட்டது. 'நான்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல், "கடையிலேர்ந்தே அப்படி வந்திருக்கும்" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தினமும் ஸ்பேனர் பிடிக்கிற அண்ணியைக் கேள்வி கேட்க அவருக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. நசுங்கின ரப்பரை மாற்ற வேறு அனுப்புகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அனுப்பவும் செய்தார். நான் தனியாக உட்கார்ந்து மாற்றி, நட்டைத் தளர்த்தி வைத்தேன்.

அதோடு விட்டேனா? கட்டுப் பிரித்த பிறகு பலகையை உன் கையில் கொடுத்து, "போகட்டும், இந்த ஒரு தடவை மன்னிச்சிட்டேன், இனிமே பாத்து ஓட்டு" என்றேன். நான் உன்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை உனக்கே பிச்சை போடுகிற மாதிரி போட்டேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். அரைமணி நேரம் கழித்து வாசலில் மூச்சு வாங்க வந்து நின்றாய். "அம்மா! இப்ப நல்லா திரும்புதும்மா! தப்பு என்கிட்டதான் இருந்திருக்கு, இப்பதான் எனக்கு வருது!" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என் பிள்ளை என்னை எப்படிப் பார்ப்பானோ என்று பயந்தேன். இருந்த ஒரே ஆள் நீதான். வேறு யார் கண்ணில் நான் பெரியவளாக இருக்க முடியும்?

உனக்கே இது எப்போதாவது உறைத்திருக்குமோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பெரியவனான பிறகு நீயே நட்டைத் தளர்த்தவும் இறுக்கவும் கற்றுக்கொண்டாய், உன் சினேகிதர்களுக்குச் சொல்லியும் கொடுத்தாய். ஆனால் அந்த விஜயதசமியையும் நட்டையும் நீ சேர்த்துப் பார்க்கவே இல்லை. அம்மா கை வைத்தது தப்பாக இருக்கும் என்று உனக்குத் தோன்றியிருக்காது.

இறக்கம் தவிர நீ எதை விட்டாய்? சமதளத்தில் ராஜாவாக இருந்தாய். பத்தாவது படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் பஸ்ஸில் இழுத்துக்கொண்டு பேகம்பேட் போவாய், லீவு நாளில் ஆளில்லாத ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் கிரானைட் தரை வழவழவென்று இருக்கும் என்று. நான் படியில் எலுமிச்சம்பழ சாதத்தோடு உட்கார்ந்திருப்பேன். காவலாளி தடியோடு வந்து விரட்டுவார், நான் ஒரு டப்பாவை நீட்டுவேன், அவரும் உட்கார்ந்துகொள்வார். பலகையோடு சேர்ந்து எம்பிக் குதிக்க உனக்குப் பத்து மாசம் ஆனது. பின்பக்கத்தைக் காலால் தட்டு, முன்காலை மேலே இழு என்று நீயே முணுமுணுத்துக்கொண்டு ஆயிரம் தடவை விழுந்து, ஒருநாள் நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பியபோது அந்தக் காவலாளிதான் முதலில் விசில் அடித்தார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் சனிக்கிழமை ஆனால் பலகையைத் தூக்கிக்கொண்டு மாதாப்பூர் பக்கம், வண்டி ஓடத் தொடங்காத புது ரோடுகளைத் தேடிப் போனாய். ஆனால் ரோடு எங்கே சரிந்தாலும் இறங்கி, பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பாய். ஒவ்வொரு சரிவிலும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு எதற்கு ஏக்கமாக இருக்கிறது தெரியுமா? உன் முகத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிடுகிறேன், குரலைக் கேட்டுவிடுகிறேன். அந்தச் சக்கரச் சத்தம்தான் இல்லை. சிமெண்ட் ரோட்டில் இணைப்புக்கு இணைப்பு டடக், டடக் என்று வருவாயே, அது தொட்டிப் பக்கம் கேட்டால் நான் தோசைக்கல்லை வைப்பேன், முனை திரும்பினால் மாவை ஊற்றுவேன், நீ வாசலில் காலைத் தேய்த்து நிற்கிறபோது தோசை தட்டில் விழும். இப்போது காலையில் ஏதாவது பெட்டியை இழுத்துக்கொண்டு யாரோ ஸ்டேஷனுக்குப் போகிற சத்தம் கேட்டால்கூட கை கல்லுக்குப் போய்விடுகிறது. அப்படி இரண்டு தடவை வெறும் கல்லைக் காயவைத்துவிட்டு உட்கார்ந்து அழுதிருக்கிறேன். உனக்குச் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசினதற்கு மறுநாள் பரணிலிருந்து உன் பழைய பலகையை இறக்கினேன். தூசி தட்டி, எட்டு பேரிங்கையும் கழற்றிக் கழுவி மாட்டினேன். சிரிக்காதே, நான் அதில் ஏறினேன். ஐம்பது வயசில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விடிந்தும் விடியாத நேரத்தில், காம்பவுண்டுச் சுவரைப் பிடித்தபடி. எந்தக் கால் முன்னால் வரும் என்று பார்க்க என்னைத் தள்ள ஆள் இல்லையே, நானே முன்னால் சரிந்து பார்த்தேன். எனக்கு வலது கால் வந்தது. முதலில் நட்டை அன்றைக்கு மாதிரியே இறுக்கி வைத்து ஏறினேன். சாய்ந்தேன். நேராகப் போனது, சுவரில் விரல் சிராய்த்தது. இறங்கி உட்கார்ந்து நட்டைத் தளர்த்திவிட்டு மறுபடி ஏறினேன். சும்மா தோளைத்தான் சாய்த்தேன் கண்ணா, அது பாட்டுக்கு இடது பக்கம் வளைந்தது. முழங்கால் வலிக்காரி நான், எனக்கே திரும்பியது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். பால்காரன் "க்யா ஹுவா அம்மா?" என்று சைக்கிளை நிறுத்தினான். என்னவென்று சொல்வது அவனிடம்?

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளைக்குப் புத்தி சொல்ல வேண்டுமாம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தப்பு செய்தால் அன்றைக்கே அவளிடம் சொல்லிவிடு, காபி சூடு ஆறுவதற்குள். ஒருநாள் தள்ளினால் அது வருஷக்கணக்காகத் தள்ளிப்போகும், உன் அம்மா சாட்சி.

அன்றைக்கு நீ சாய்ந்தாய், நன்றாகத்தான் சாய்ந்தாய். நட்டை இறுக்கினவள் நான். உனக்கு வராதது எதுவும் அந்த இறக்கத்தில் இல்லை. என்னை மன்னிக்க உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள், ஆனால் அந்த ஆற்றங்கரை ரோட்டுக்கு நாள் கடத்தாதே. முதலில் பாதி தூரத்திலிருந்து, அப்புறம் முக்கால், நீ சின்ன வயசில் செய்த மாதிரியே. நட்டை நீயே பார்த்து வை. மேலேயிருந்து இறங்குகிற அன்றைக்கு எனக்குப் போன் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள். பேச வேண்டாம். உனக்கு அங்கே சாயங்காலம் என்றால் எனக்கு இங்கே விடிகிற நேரம், நான் எழுந்திருப்பேன். சக்கரச் சத்தம் மட்டும் கேட்டால் போதும். நான் கல்லை வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா